குழாயின் உச்சியில் ஒரு சாண் வெறுமை

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் செய்துகாட்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை விளிம்புவரை நிரப்பி, திறந்த வாயை அடைத்துக் கவிழ்த்து, பாதரசக் கிண்ணத்துக்குள் அமிழ்த்தியபின் அடைப்பை எடுத்தால், குழாயிலுள்ள பாதரசம் சற்றே இறங்கி ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல், மூடிய முனைவரை, ஒரு சாண் அளவுக்கு எதுவும் தெரியாத இடம் ஒன்று உண்டாகும். ஏறக்குறைய எல்லா ஆண்டும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "அந்த இடத்துல என்ன சார் இருக்கு?" என்று கேட்பார். "வெற்றிடம்" என்று சொல்லிவிட்டு, வளிமண்டல அழுத்தத்தின் மதிப்பைக் கரும்பலகையில் எழுதத் தொடங்குவேன். செய்முறைக் குறிப்பேட்டில் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு என்ற நான்கு தலைப்புகளுக்குள் பாடம் முடிந்துவிடும்.

அந்த மாணவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் முழுமையாகப் படித்தறிந்தேன். அந்த ஒரு சாண் இடத்தில் என்ன இருக்கிறது என்பது பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவைப் பிளந்த கேள்விகளில் ஒன்று. அதைக் கேட்டவர்களின் வீட்டு வாசலில் அப்போது போர் நின்றுகொண்டிருந்தது. அரசரின் ஆணை, திருச்சபையின் தீர்ப்பு, அரிஸ்டாட்டிலின் நூல் என்று அதுவரை தகராறுகளைத் தீர்த்துவைத்த எல்லா அதிகாரங்களும் ஆட்டங்கண்டிருந்த வேளையில், எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள்கூட ஒரே கண்ணாடிக் குழாயின் முன் நின்று ஒரே அளவைப் பதிவுசெய்ய முடிந்தது என்பதே அந்தக் காலத்தில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

தொடக்கம் இத்தாலியில். உறிஞ்சு குழாயால் தண்ணீரை ஏறத்தாழ பத்து மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது என்பது கிணற்றுத் தொழிலாளர்கள் அறிந்திருந்த உண்மை. கலிலியோ 1638-இல் வெளியான தம் கடைசி நூலில் இதை எழுதி, தன் எடையைத் தானே தாங்காமல் அறுந்துபோகும் கயிற்றைப்போலத் தண்ணீர்த் தம்பம் அறுந்துவிடுகிறது என்று விளக்கம் தந்தார். அந்த விளக்கம் தவறு. 1633-ஆம் ஆண்டுத் திருச்சபைத் தீர்ப்புக்குப் பின் வீட்டுக்காவலில் இருந்த அவரோடு, அவருடைய கடைசி மூன்று மாதங்களில் உடனிருந்து உதவிய டாரிசெல்லிதான், 1644 ஜூன் 11-ஆம் தேதி ரோமிலிருந்த நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில் சரியான விளக்கத்தைத் தந்தார். காற்று என்னும் கடலின் அடித்தளத்தில் நாம் மூழ்கி வாழ்கிறோம். அந்தக் கடலுக்கு எடை உண்டு. அந்த எடைதான் வெளியிலிருந்து அழுத்திப் பாதரசத்தை மேலே நிறுத்துகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு முழக் குழாயில் பாதரசம் ஒன்றேகால் முழமும் ஒரு விரற்கடையும் உயரத்தில் நின்றதாக அவர் குறிப்பிடுகிறார். ஃபிளாரன்ஸ் நகரத்து முழம் நம்முடையதைவிடப் பெரியது என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இதை அவர் நூலாக வெளியிடவில்லை. ஆசிரியருக்கு நேர்ந்ததை அருகிலிருந்து கண்ட ஒருவரின் எச்சரிக்கை அதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1647 அக்டோபரில், 39 வயதில், டாரிசெல்லி இறந்துபோனார்.

செய்தியை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் கொண்டுசென்றவர் மெர்சென் என்ற பாரிஸ் துறவி. ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதி, ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவருக்குச் சொல்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர். இத்தாலி சென்று திரும்பியபின் பாரிஸில் சோதனையைச் செய்து பார்க்க முயன்றார். பாதரசத்தின் எடையைத் தாங்கும் குழாய் அங்கே கிடைக்கவில்லை. நல்ல கண்ணாடித் தொழிலாளர்கள் நார்மண்டி மாநிலத்து ரூவான் நகரில் இருந்தார்கள். 1646 அக்டோபரில் அந்த நகரில், கோட்டை கட்டுமான அதிகாரியான பெத்தி என்பவரோடு சேர்ந்து சோதனையை நடத்தியவர் 23 வயது பிளேஸ் பாஸ்கல்.

பாஸ்கல் ஏன் ரூவானில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1639-இல் உப்பு வரிக்கு எதிராக நார்மண்டியில் பெருங்கலகம் மூண்டது. அதை ஒடுக்கி வரிவசூலை ஒழுங்குபடுத்த அரசு அனுப்பிய அதிகாரிகளில் பாஸ்கலின் தந்தை எத்தியேனும் ஒருவர். நள்ளிரவு தாண்டியும் வரிக்கணக்குக் கூட்டிக்கொண்டிருந்த தந்தைக்காகத்தான் மகன் 19 வயதில் கணக்கிடும் இயந்திரத்தை வடிவமைக்கத் தொடங்கினார். அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவ்ர் என்பதால், அந்த இயந்திரத்தின் சக்கரங்களில் சில பத்துப் பற்களோடும், ஒன்று இருபதோடும், ஒன்று பன்னிரண்டோடும் இருந்தன. போர்ச்செலவுக்காக மக்களைப் பிழிந்த அரசின் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் கணிப்பொறியின் மூதாதை பிறந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ரூவானில் பாஸ்கல் செய்தவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தோடு கட்டி நிறுத்தி, ஒன்றில் தண்ணீரையும் மற்றொன்றில் திராட்சை மதுவையும் நிரப்பினார். மேலே தோன்றும் இடத்தில் நீர்மத்தின் ஆவி நிறைந்திருக்கிறது என்று நம்பியவர்களிடம், எது கீழே நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டார். மதுவில் ஆவி மிகுதி, ஆகவே மதுதான் அதிகம் இறங்கும் என்றார்கள். குழாய்கள் நிமிர்த்தப்பட்டபோது, தண்ணீரைவிட எடை குறைந்த மது, தண்ணீரைவிட உயரமாக நின்றது. கூட்டத்தின் வாயிலிருந்தே விடையை வாங்கிக்கொண்டு, பிறகு பொருளைப் பேசவிட்ட அந்த முறையை நான் வகுப்பறையில் பின்பற்றியிருக்க வேண்டும்.

எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. பாரிஸ் இயேசுசபைக் கல்லூரியின் தலைவர் நோயல் பாதிரியார், அந்த இடத்தின் வழியே ஒளி செல்கிறதே, ஒன்றுமில்லாத இடத்தில் ஒளி எப்படிச் செல்லும் என்று கேட்டார். அது மேலோட்டமான கேள்வியன்று. ஒளி பற்றிய அந்தக் கேள்விக்கு இயற்பியல் உரிய விடை காண மேலும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. தெக்கார்த் 1647 செப்டம்பரில் பாஸ்கலை நேரில் வந்து சந்தித்தார். பொருளும் இடமும் ஒன்றே என்ற தத்துவத்தைக் கட்டியெழுப்பிய அவரால் வெற்றிடத்தை ஏற்க இயலவில்லை. பாஸ்கலின் தலைக்குள்தான் வெற்றிடம் மிகுதி என்று பின்னர் நண்பருக்கு எழுதினார். ஆனாலும் பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடைதான் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, வெளியே எது அழுத்துகிறது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பது அப்போதுதான் தெளிவாகத் தொடங்கியது.

1647 நவம்பர் 15-ஆம் தேதி, தம் சொந்த ஊரான கிளெர்மோனில் இருந்த அக்காள் கணவர் பெரியேவுக்குப் பாஸ்கல் ஒரு கடிதம் எழுதினார். ஊரை ஒட்டி புய் த டோம் என்ற மலை நிற்கிறது. ஒரே நாளில் அதன் அடியிலும் உச்சியிலும் பாதரசத்தை அளக்க வேண்டும். உச்சியில் உயரம் குறைந்தால் காற்றின் எடைதான் காரணம் என்று உறுதியாகும். இயற்கை வெற்றிடத்தை வெறுப்பதால்தான் பாதரசம் மேலே நிற்கிறது என்பது பழைய கொள்கை; ஆனால் அந்த இயற்கை மலையுச்சியைவிட அடிவாரத்தில் வெற்றிடத்தை அதிகமாக வெறுக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. பெரியேவின் அலுவல்களும் மலைமேல் மூடிய பனியும் மூடுபனியும் சேர்ந்து அந்தச் சோதனையைப் பத்து மாதம் தள்ளிப்போட்டன.

அந்தப் பத்து மாதங்களில் பிரான்ஸ் தலைகீழானது. வரிச்சுமைக்கு எதிராகப் பாரிஸ் நீதிமன்றம் அரசோடு மோதியது. மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த அரசு ஆணையர்களின் பதவிகள் 1648 ஜூலையில் பறிக்கப்பட்டன. எத்தியேன் பாஸ்கலும் வேலை இழந்தார். ஆகஸ்ட் 26-இல் புரூசெல் என்ற முதிய நீதிபதி கைதானதும் பாரிஸ் மக்கள் தெருவெங்கும் தடுப்பரண் எழுப்பினார்கள். செப்டம்பர் 13-இல் பத்து வயது அரசன் பதினான்காம் லூயியை அழைத்துக்கொண்டு அரசவை தலைநகரை விட்டு வெளியேறியது. ஆறே நாள் கழித்து, செப்டம்பர் 19 சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கிளெர்மோனின் துறவியர் மடத்துத் தோட்டத்தில் சில பாதிரியார்களும், வரி நீதிமன்ற உறுப்பினர் இருவரும், மருத்துவர் ஒருவரும் கூடினார்கள்.

பெரியேவின் அறிக்கை, சோதனையை எழுதிவைப்பது எப்படி என்பதற்கு இன்றும் பாடமாகத் தகுதியுடையது. மூன்று நாள் தூய்மைப்படுத்திய 16 பவுண்டு பாதரசம். ஒரே பருமனும் நான்கடி நீளமும் உடைய இரண்டு குழாய்கள். தோட்டத்தில் இரண்டிலும் அளந்தார்கள்: 26 அங்குலமும் மூன்றரை லீனும். அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு லீன். ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, ஷாஸ்தன் என்ற பாதிரியாரிடம் நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி கேட்டுக்கொண்டு, மற்றொன்றோடு மலையேறினார்கள். சுமார் ஆயிரம் மீட்டர் உயரே, உச்சியில், பாதரசம் 23 அங்குலம் 2 லீனில் நின்றது. மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு. தங்களையே நம்பாமல், உச்சியின் வெவ்வேறு இடங்களில், அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள்ளும் வெட்டவெளியிலும், காற்றடித்தபோதும் மூடுபனியிலும், ஐந்து முறை திரும்பச் செய்தார்கள். இறங்கும் வழியில் இடைப்பட்ட ஓரிடத்தில் அளந்தபோது 25 அங்குலம். மாலையில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, வானம் ஒருகால் தெளிந்தும் ஒருகால் மழையாகவும் மாறிக்கொண்டே இருந்தும் தம் குழாயில் பாதரசம் அசையவே இல்லை என்று ஷாஸ்தன் பாதிரியார் தெரிவித்தார்.

மலையேறியவர்களைவிட அந்தப் பாதிரியாரைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அவர் காலையிலிருந்து மாலைவரை ஒரு மாற்றமும் இல்லாத ஒன்றைக் கவனித்து, மாற்றமில்லை என்று சான்று சொன்னார். அவர் இல்லையென்றால், உச்சியில் கண்ட இறக்கத்துக்கு அன்றைய வானிலைதான் காரணம் என்று எவரும் வாதிட்டிருக்கலாம். ஒப்பீட்டுக்காக ஒன்றை மாற்றாமல் வைத்திருப்பது என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லும் கோட்பாட்டின் முழுப் பொருளும் அவருடைய அந்த ஒரு நாளில் அடங்கியிருக்கிறது. செய்தி கிடைத்தவுடன் பாஸ்கல் பாரிஸில் ஒரு கோயில் கோபுரத்தின் அடியிலும் உச்சியிலும் அளந்து பார்த்து, அக்டோபரில் அறிக்கையை அச்சிட்டார். அதே மாதம் 24-ஆம் தேதி வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை கையெழுத்தாகி, முப்பதாண்டுப் போர் முடிவுக்கு வந்தது. மெர்சென் இவை எதையும் அறியாமல் செப்டம்பர் முதல் நாளே இறந்திருந்தார்.

அந்த உடன்படிக்கைக்காகப் பேச்சு நடத்தச் சென்றவர்களில் ஒருவர்தான் இந்தக் கதையின் அடுத்த மனிதர்: ஜெர்மனியின் மக்டபர்க் நகரத் தலைவர்களுள் ஒருவரான ஓட்டோ வான் கெரிக். அவருடைய வாழ்க்கையை அறியாமல் குதிரைகளும் அரைக்கோளங்களும் உள்ள அந்தப் பாடநூல் படத்தை இத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு. முப்பதாண்டுப் போரின் நடுவே, 1631 மே 20 அன்று, புனித ரோமப் பேரரசின் படைகள் மக்டபர்க்குக்குள் புகுந்தன. ஏறத்தாழ 25,000 பேர் வாழ்ந்த நகரில் 20,000 பேர் வெட்டுண்டும் தீயில் வெந்தும் மாண்டார்கள். நகர மன்ற உறுப்பினராக இருந்த கெரிக் உடைமையனைத்தையும் இழந்து, சிறைப்பிடிக்கப்பட்டு, மீட்புப்பணம் கொடுத்தபின் விடுதலையானார். திரும்பிவந்து, சாம்பலான நகரை மீண்டும் கட்டுவதற்கான வரைபடத்தை வரைந்தார், பொறியாளராக உழைத்தார், 1646-இல் நகரத் தலைவரானார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஊரின் பழைய உரிமைகளைக் கேட்டு ஒவ்வோர் அரசவையின் வாசலிலும் நின்றார்.

இத்தகைய மனிதர் ஏன் வெற்றிடத்தைத் தேடினார்? கோள்களுக்கு இடையிலுள்ள வெளி வெறுமையா, ஏதேனும் பொருளால் நிறைந்ததா என்பதை அறிய விரும்பினார். தத்துவவாதிகளின் வாதங்களைக் கேட்டுச் சலித்து, வெறுமையைத் தாமே உண்டாக்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். முதலில் பீர்ப் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, பித்தளைப் பம்பு பொருத்தி, வலுவான ஆட்களைக்கொண்டு தண்ணீரை இறைத்தெடுத்தார். மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே புகுந்து, தண்ணீர் கொதிப்பதுபோல் ஓசை எழுந்தது. பிறகு செப்புக்கோளம் செய்து அதிலிருந்து நேரடியாகக் காற்றையே இறைத்தபோது, யாரும் எதிர்பாராமல் பேரோசையோடு கோளம் கசங்கி நொறுங்கியது. இன்னும் பிசகற்ற உருண்டை வடிவில் மற்றொன்றைச் செய்ததும் அது தாங்கி நின்றது. 1654-இல், தம் ஊரின் வழக்குக்காக ரெகன்ஸ்பர்க் பேரவைக்குச் சென்றிருந்தபோது, பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டின் முன்னிலையில் இந்தக் கருவியைச் செயல்படுத்திக் காட்டினார். தம் ஊரை அழித்த படையின் பேரரசர் அந்த ஃபெர்டினாண்டின் தந்தை என்பதை அந்த அவையிலிருந்த எவரும் மறந்திருக்க முடியாது. அங்கேதான் ஒரு துறவி வாயிலாக, டாரிசெல்லியின் பாதரசக் குழாயைப் பற்றி கெரிக் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

புகழ்பெற்ற குதிரைச் சோதனை அதற்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை எடுத்தபின், பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகள் பெரும்பாடுபட்டு இழுத்தன. எட்டுக் குதிரைகளை ஒரு பக்கம் கட்டி, மறுபக்கத்தைச் சுவரோடு பிணைத்திருந்தாலும் விசை அதேதான். நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தும்போது இதை நான் கேள்வியாகவே கேட்டதுண்டு. ஆனால் எட்டுக் குதிரைகளை மட்டும் பார்த்திருந்தால் மக்கள் அந்த அளவுக்கு வியந்திருக்க மாட்டார்கள். காற்றுக்கு எவ்வளவு வலிமை என்பதை ஊரே கூடிநின்று கண்ணால் காண வேண்டும் என்பதில் கெரிக் கருத்தாக இருந்தார். மக்டபர்க்கின் விடுதலைக்காக அவர் மேற்கொண்ட அரசியல் முயற்சி மட்டும் பலிக்கவில்லை. உடன்படிக்கையில் அவர் பாடுபட்டு இடம்பெறச் செய்த விதி ஏட்டிலேயே நின்றது. 1666-இல் பிராண்டன்பர்க் அரசின் படை நகருக்குள் வந்து தங்கியது.

கெரிக்கின் பம்பைப் பற்றி வூர்ட்ஸ்பர்க்கிலிருந்த இயேசுசபைப் பாதிரியார் ஷாட் 1657-இல் எழுதி வெளியிட்டார். அந்தச் செய்தி ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த ராபர்ட் பாயிலை எட்டியது. அந்த ஊரும் காயம்பட்ட ஊர்தான். இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் அரசரின் தலைமையிடமாக இருந்து, 1646-இல் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்து, அரசரை ஆதரித்த பேராசிரியர்கள் பலரை இழந்திருந்தது. 1649 ஜனவரி 30-இல் அரசரின் தலையே வெட்டப்பட்டது. அங்குள்ள வாடம் (Wadham) கல்லூரியின் தலைவராக வந்த ஜான் வில்கின்ஸ், பின்னர் நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லின் தங்கையை மணந்தவர். ஆயினும் அரசர் பக்கத்தவர்களையும் நாடாளுமன்றப் பக்கத்தவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சோதனைகளைப் பற்றிப் பேசவைத்தார்.

1659-இல் ராபர்ட் ஹூக் என்ற இளைஞர் பாயிலுக்காகக் கண்ணாடிக் குடுவையோடு கூடிய பம்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு பாயில் வெளியிட்ட 43 சோதனைகளில் பதினேழாவதைத்தான் அவரே முதன்மையானதாகக் கருதினார். டாரிசெல்லியின் குழாயை, அதன் பாதரசக் கிண்ணத்தோடு, குடுவைக்குள் வைத்துக் காற்றை இறைப்பதுதான் அந்தச் சோதனை. பெரியே மலைமேல் ஏறிச் சென்று அடைந்த மெல்லிய காற்றை, அறைக்குள் நின்றபடியே, அதைவிடப் பன்மடங்கு மெலிதாக்கிப் பார்க்க முடிந்தது.

ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இதை ஏற்கவில்லை. பம்பு கசிகிறது, ஆகவே உள்ளே எப்போதும் காற்று இருக்கிறது என்று 1661-இல் எழுதினார். கசிவு பற்றி அவர் சொன்னது உண்மையும்கூட. அழைக்கப்பட்ட சிலர் மட்டும் கூடும் அறையில் கண்டது எப்படி எல்லாருக்குமான உண்மையாகும் என்ற அவருடைய கேள்வியை நான் மதிக்கிறேன். கருத்துப் பிளவுகளே உள்நாட்டுப் போரை மூட்டின என்று கண்ட அவருக்கு, ஐயத்துக்கு இடமின்றி வடிவியலைப்போல நிறுவப்படும் அறிவே நாட்டை அமைதியில் வைக்கும் என்று தோன்றியது. பாயிலின் வழி வேறு: காரணத்தைப் பற்றி எவரும் எப்படியும் எண்ணிக்கொள்ளலாம், கண்டது இன்னதென்பதில் மட்டும் உடன்படுவோம் என்பது. 1660 நவம்பர் 28-இல் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் பன்னிரண்டு பேர் கூடித் தொடங்கிய ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அந்த வழியைத்தான் மேற்கொண்டது. அதற்கு அரச சாசனம் வழங்கிய இரண்டாம் சார்லஸே, இவர்கள் காற்றை எடைபோட்டுக்கொண்டு காலம் கழிக்கிறார்கள் என்று சிரித்ததை 1664 பிப்ரவரியில் சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

பதினேழாவது சோதனைக்குச் சாட்சியாக இருந்தவர்களென மூன்று பேரைப் பாயில் குறிப்பிடுகிறார். ஜான் வாலிஸ், போரின்போது அரசர் தரப்பின் மறைகுறிக் கடிதங்களை நாடாளுமன்றத்துக்காக உடைத்துப் படித்துக் கொடுத்தவர். சேத் வார்டு, நாடாளுமன்றத்தின் உறுதிமொழியை ஏற்க மறுத்ததால் கேம்பிரிட்ஜில் பதவி பறிக்கப்பட்டவர். கிறிஸ்டோபர் ரென், அவருடைய பெரிய தகப்பனாரான ஆயர் அந்த நேரத்திலும் நாடாளுமன்றத்தின் கைதியாக லண்டன் கோட்டையில் கிடந்தார். மூவரும் ஒரே குடுவையைச் சூழ்ந்து நின்றார்கள். பம்பின் ஒவ்வோர் இழுப்புக்கும் பாதரசம் படிப்படியாக இறங்கியது. கிண்ணத்து மட்டத்துக்கு மேல் ஓர் அங்குலத்துக்கும் குறைவான உயரத்தை எட்டியபின், எவ்வளவு இறைத்தும் முற்றிலும் இறங்கவில்லை. எங்கோ நுணுகிய கசிவின் வழியே காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பாயில் அதையும் மறைக்காமல் எழுதிவைத்தார். பிறகு அடைப்பைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டதும், பாதரசம் குழாயில் மீண்டும் ஏறத் தொடங்கியது.